பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவதற்கு வழிகாட்டி எதற்கு?

குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனைப் பிடிக்கக் கூட்டிப்போகிற வழிகாட்டி ஆற்றங்கரைக்கு வந்ததும் தூண்டில் கோலை உறையிலிருந்து எடுப்பதில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டுகிறார். உள்ளங்கை அகலமுள்ள கல். வெயில் படாத அடிப்பக்கத்தை நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். முதலில் ஈரப் பாசியைத் தவிர ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் அந்தப் பாசி நகர ஆரம்பிக்கும். வாலில் மூன்று இழைகளோடு தட்டையான ஒரு பூச்சி விளிம்பை நோக்கி ஓடும். பக்கத்திலேயே மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய சின்னக் குழல் ஒன்று இருக்கும். அதன் வாயிலிருந்து கறுத்த தலை எட்டிப் பார்க்கும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்துத் திறந்து, அதே நிறத்திலும் அளவிலும் உள்ள பொய்ப்பூச்சியைத் தேடுகிறார். கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிடுகிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் தொழில் ஒரு புதிர்தான். ஆட்கள் விமானம் ஏறி, அப்புறம் பல மணி நேரம் வண்டியில் போய், பனி உருகி ஓடும் ஆற்றில் இடுப்பளவு நின்று மாலைவரை தூண்டில் வீசுகிறார்கள். மாட்டிய மீனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். மீனும் கைக்கு வரவில்லை, காசும் போயிற்று. சரி, அந்தக் காசு எதற்குப் போனது? ஆற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவருடைய கண்ணுக்கு என்பது என் பதில். ஆனால் அது பாதி பதில்தான். எப்போது மீன் பிடிக்கக் கூடாது என்று தெரிந்த ஒருவருடைய முடிவுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. இந்த மறுபாதியைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. தொழில் நிற்பதோ அதன்மேல்தான்.

முதலில் அந்தப் பொய்ப்பூச்சியைப் பார்த்துவிடலாம். சாதாரணத் தூண்டிலில் இரையோ ஈயக்குண்டோ கனமாக இருக்கும். அது பறந்து போகும்போது தூண்டில் நரம்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்று சொல்லப்படும் இந்தப் பொய்ப்பூச்சியோ, சின்னக் கொக்கியில் நூலைச் சுற்றி இறகுத் துணுக்கும் விலங்கு மயிரும் வைத்துக் கட்டியது. அதற்குக் கனமே கிடையாது. ஒரு துணுக்குப் பஞ்சை வீசி எறிந்து பாருங்கள், இரண்டடி தாண்டாது. அதனால் இங்கே கனத்தை நரம்புக்கு மாற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய தடித்த நரம்பைக் கோல் பின்னும் முன்னுமாக வீசும். நரம்பு காற்றில் வளைந்து விரிந்து, நுனியில் கட்டிய பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீர்மேல் வைக்கும். தடித்த நரம்புக்கும் பூச்சிக்கும் நடுவே ஒன்பதடி போல ஒளி ஊடுருவும் நரம்பு இருக்கும். அது போகப் போக மெலிந்து நுனியில் சுமார் 0.15 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். முதல்முறை கோல் பிடிப்பவர்கள் எல்லாரும் கைப்பலத்தைக் காட்டுவார்கள். நரம்பு காலடியில் குவியும். பின்பக்கம் போன நரம்பு முழுதாக நீளும்வரை ஒரு கணம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு கணத்தைக் கைக்குப் பழக்குவதற்கே பலருக்குக் காலைப்பொழுது போய்விடும்.

நிஜப் பூச்சியையே கொக்கியில் மாட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். இதற்குச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரோமானியர் காலத்து எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் உடம்பெல்லாம் புள்ளி கொண்ட மீன்கள் இருப்பதையும், தண்ணீர்மேல் பறக்கும் பூச்சிகளை அவை எகிறிப் பிடிப்பதையும் சொல்கிறார். அந்தப் பூச்சி மனிதக் கை பட்டதுமே நிறம் மங்கி, இறக்கை வாடிவிடுமாம். அதனால் அங்கிருந்த மீனவர்கள் கொக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டைக் கட்டி வீசினார்கள். இன்றைய வழிகாட்டியின் பெட்டியில் இருப்பது அதனுடைய பேரப்பிள்ளைதான். ஜப்பானின் மலையோடைகளில் சுற்றுச்சக்கரம் எதுவும் இல்லாமல் கோலும் நரம்பும் மட்டும் கொண்டு இதே வேலையைச் செய்யும் டென்காரா என்ற முறை தனியாக வளர்ந்தது. குளிர்ந்த ஓடையும் பூச்சி தின்னும் மீனும் இருந்த இரண்டு இடங்களில் மனிதருக்கு ஒரே யோசனை வந்திருக்கிறது.

இப்போது ஆற்றைப் பார்ப்போம். ட்ரவுட் வரவு செலவு பார்த்து வாழும் மீன். வேகமான ஓட்டத்தில்தான் இரை அடித்துக்கொண்டு வரும். ஆனால் அந்த ஓட்டத்துக்குள்ளேயே நின்றால் தின்பதைவிட நீந்தச் செலவாகும் சத்து அதிகம். அதனால் அது வேகமும் நிதானமும் சந்திக்கிற விளிம்பில் நிற்கும். பெரிய பாறைக்குப் பின்னால், ஏன், பாறைக்கு முன்னால் தண்ணீர் மோதித் தயங்குகிற அந்தச் சின்ன இடத்திலும் நிற்கும். கரை அரித்துக் குடைந்த நிழலில் நிற்கும். சலசலத்து ஓடும் மேடு முடிந்து மடு தொடங்குகிற சரிவில் நிற்கும். உடம்பை அசைக்காமல் அங்கே இருந்துகொண்டு, இரை வரும்போது மட்டும் ஒரு சாண் நகர்ந்து பிடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். புதிதாக வருபவருக்கு ஆறு ஒரே தண்ணீராகத் தெரியும். வழிகாட்டிக்கோ அது பத்து இருபது தனித்தனி ஓட்டங்கள். நுரை எந்தக் கோட்டில் மிதந்து போகிறது என்று அவர் விரலால் காட்டுவார். நுரையைக் கொண்டுபோகும் ஓட்டம்தான் செத்த பூச்சியையும் கொண்டுபோகும். அந்தக் கோடு பாறையை உரசித் திரும்புகிற இடத்தில் மீன் இருக்கும்.

மீன் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதும் அவர் கணக்கில் உண்டு. தண்ணீருக்குள் ஒளி வளைந்து நுழைவதால், மேலே உள்ள உலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னலில்தான் தெரியும். அந்தச் சன்னலின் கோணம் சுமார் 97 பாகை. அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஆற்றின் தரையைத்தான் காட்டும். கரையோரம் குனிந்து நிற்பவர் அந்தச் சன்னலின் ஓரத்தில் நசுங்கிப்போன சின்ன உருவமாக இருப்பார். நிமிர்ந்து நின்றால் தலையும் கையசைவும் தெளிவாகிவிடும். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் பின்னாலிருந்து, அதாவது கீழ்ப்பக்கத்திலிருந்து, நெருங்குவது நல்லது. வழிகாட்டி முதுகை வளைத்து நடப்பதற்கும், நம் நிழல் எங்கே விழுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கலையின் கஷ்டம் முழுவதும் அடுத்த விஷயத்தில்தான் இருக்கிறது. பூச்சியை நீரோட்டம் வரும் பக்கமாக மீனுக்கு ஆறடி முன்னால், சரியான கோட்டில் வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் அதற்கும் நடுவே வேகமான ஓட்டம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் கிடக்கும் நரம்பு முன்னே ஓடி, வில்லாக வளைந்து, பூச்சியைப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரு விரற்கடை இழுத்தாலும் போதும். தானாக மிதக்கும் பூச்சி தன் பின்னால் கோடு போட்டுக்கொண்டு போவதில்லை. மீன் கீழிருந்து எழும்பி வரும், மூக்கு பூச்சியைத் தொடுகிற தூரத்தில் நிற்கும், பூச்சியோடு சேர்ந்தே ஒரு முழம் பின்னோக்கி மிதந்து வரும். பிறகு அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்ததும் வாயைத் திறக்காமலே இறங்கிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மூச்சு நின்று திரும்பும். இதைத் தவிர்க்கத்தான் நரம்பு தண்ணீரில் விழுந்த உடனே கோல் நுனியால் அதைத் தூக்கி நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக மடித்துப் போடச் சொல்வார்கள். எப்போது மடிக்க வேண்டும், எவ்வளவு மடிக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. தோளுக்குப் பின்னால் நின்று, 'இப்போது' என்று ஒருவர் சொல்ல வேண்டும். வழிகாட்டியோடு கழிக்கும் ஒரு நாளில், தனியாகத் திண்டாடும் பல நாட்களின் பாடம் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

பூச்சிகளின் காலம் தனிக் கதை. கல்லுக்கடியில் பார்த்த மூன்று வால்காரன் மேஃப்ளையின் இளம்பருவம். அது மாதக்கணக்கில், சில வகைகளில் இரண்டு ஆண்டுவரை, தண்ணீருக்குள்ளேயே இருக்கும். ஒருநாள் மேலே வந்து தோலை உரித்து, இறக்கை விரித்து, காய்வதற்காக நீர்மேல் பாய்மரம் மாதிரி மிதக்கும். பறந்து கரைக்குப் போய், இறக்கை வந்த பிறகும் இன்னொருமுறை தோல் உரிக்கும். பூச்சியினத்தில் வேறு எதற்கும் இந்தப் பழக்கம் இல்லை. வளர்ந்த மேஃப்ளைக்குத் தின்ன வாய் கிடையாது. கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் ஈசல்போல இறந்து தண்ணீரில் விழும். ட்ரவுட் இந்த ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத் தின்னும். இறந்து விழுந்ததைத் தின்கிற நேரத்தில் காய்கிறதைக் காட்டினால் திரும்பிப் பார்க்காது. மேற்கு அமெரிக்க ஆறுகளில் வரும் சால்மன்ஃப்ளை இன்னும் பெரியது. மூன்று நான்கு ஆண்டுகள் கற்களுக்கடியில் கிடந்து, கோடைத் தொடக்கத்தில் கரையேறி விரல் பருமனில் பறக்கும். தண்ணீர் சூடேற ஏற, அந்தப் படையெடுப்பு ஆற்றின் கீழ்ப்பகுதியில் தொடங்கி நாளுக்குக் கொஞ்சமாக மேலே நகரும். அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்து மேடிசன் ஆற்று வழிகாட்டிகள் அந்த முனை இன்று எந்த வளைவில் நிற்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள்.

பெரிய ஆறுகளில் நடந்து மீன் பிடிக்க முடியாது. அங்கே படகு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து மெக்கென்சி ஆற்றில் உருவான தட்டையடிப் படகுதான் இன்றைக்குப் பல இடங்களில் ஓடுகிறது. முனை இரண்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும், அதனால் ஆழமில்லாத இடத்திலும் நின்ற இடத்தில் சுழலும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கோலோடு நிற்பார்கள், நடுவில் வழிகாட்டி. அவர் நீரோட்டம் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, துடுப்பை எதிர்த்திசையில் வலிப்பார். படகை முன்னால் தள்ளும் வேலையை ஆறே செய்துவிடும். அவர் வேலை, பூச்சி மிதக்கும் வேகத்துக்குப் படகைப் பிடித்து வைப்பது. படகும் பூச்சியும் ஒரே வேகத்தில் போனால் நரம்பு இழுபடாது. கரையில் நின்று பத்தடிக்கு மிதக்க வைக்கத் திணறுகிற பூச்சி, படகிலிருந்து ஐம்பதடிக்கும் மேல் இயல்பாக மிதக்கும். நாள் முழுவதும் அப்படி வலிக்கிற கைகளை நினைத்துப் பாருங்கள்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இது வேறு விளையாட்டு. அங்குள்ள மலையாறுகளில் மீன் குறைவு, இருப்பது பெரிசு. கண்ணாடித் தண்ணீர். வழிகாட்டி முன்னே நடந்து, கரையிலிருந்து மீனைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வீசச் சொல்வார். கிலோமீட்டர் கணக்கில் நடந்து நாலைந்து மீனைப் பார்த்தாலே நல்ல நாள். நமக்குச் சாம்பல் நிறக் கல்லாகத் தெரிவது அவருக்கு மீனாகத் தெரியும். காட்டிய பிறகும் நமக்குத் தெரியாது. வால் ஒருமுறை அசையும்போதுதான் கல்லிலிருந்து மீன் பிரிந்து வரும். அங்குள்ள பீச் மரக்காடுகள் சில ஆண்டுகளில் விதையைக் கொட்டித் தீர்க்கும். அந்த விதையைத் தின்று எலிகள் பெருகும். ஆற்றைக் கடக்கிற எலிகளைத் தின்று ட்ரவுட் கொழுக்கும். எலி ஆண்டு என்று சொன்னாலே பெரிய மீன் தேடுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அந்நாட்டில் ட்ரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். மீனுக்கு விலை இல்லை. ஆற்றங்கரையில் கழிக்கும் நாளுக்குத்தான் விலை.

எல்லாவற்றுக்கும் அடியில், மீன் ஆற்றில் தானாகப் பிறந்து வளர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஒரு காலத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. மீன் குறைந்தால் பண்ணையில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். 1960களின் இறுதியில் மாண்டானா மீன்வளத் துறையின் உயிரியலாளர் டிக் வின்சென்ட் மேடிசன் ஆற்றில் மீன்களை எண்ணத் தொடங்கினார். பண்ணை மீன் விடுவதை நிறுத்திய பகுதியில் காட்டு ட்ரவுட் வெகுவாகக் கூடியது. முன்பு விடாமலிருந்த ஓர் ஓடையில் விடத் தொடங்கியதும் காட்டு மீன் குறைந்தது. தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்த மீனுக்கு ஆற்றில் யார் எங்கே நிற்பது என்ற ஒழுங்கு தெரியாது. அது மற்ற மீன்களின் இடத்துக்குள் நுழைந்து சண்டை போடும்; இருவருக்கும் சத்து வீணாகும்; கடைசியில் பண்ணை மீனும் குளிர்காலத்தைத் தாண்டாது. மீன்பிடிப்பவர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். ஆனாலும் 1974-ல் காட்டு ட்ரவுட் தாங்கக்கூடிய ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை மாண்டானா நிறுத்திவிட்டது. இன்று உலகம் தேடிப் போகிற மாண்டானா ஆறுகள் அந்த முடிவின் பலன். மீனைக் கொட்டுவதை நிறுத்தியதால் மீன் பெருகியது என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆற்றுக்கும் பாதுகாப்பு வேண்டும். 1968 அக்டோபரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், 8 ஆறுகளை அணை கட்டாமல் ஓடவிட வேண்டியவை என்று பட்டியலிட்டுத் தொடங்கியது. இன்று அந்தப் பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட ஆறுகள் இருக்கின்றன. சட்டம் அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறது. சாலையே இல்லாமல் ஒற்றையடிப் பாதையில் மட்டும் போகக்கூடியது காட்டாறு. கரைகள் பெரும்பாலும் இயற்கையாக இருந்தும் சில இடங்களில் சாலை தொடுவது எழில் ஆறு. சாலையும் குடியிருப்பும் உள்ளவை மூன்றாம் வகை. அழகான காட்டாறு என்று விளம்பரத்தில் எளிதாக எழுதிவிடும் சொற்களுக்கு அங்கே சட்டத்தில் அளவுகோல் இருக்கிறது. முதல் எட்டில் ஒன்றான இடாஹோவின் மிடில் ஃபோர்க் சால்மன் ஆறு சுமார் 160 கிலோமீட்டர் மலைக்காட்டுக்குள் ஓடுகிறது. ரப்பர் மிதவையில் ஐந்தாறு நாட்கள் போகிற பயணம். கழுத்தடியில் சிவப்புக் கீற்று கொண்ட கட்த்ரோட் ட்ரவுட்தான் அங்கே நாயகன், பிடித்தால் விட்டுவிட வேண்டும்.

ஆட்கள் கூடிவிட்டால் காட்டாறு காட்டாறாக இருக்காது. ஆகவே கட்டுப்பாடு. மாண்டானாவின் ஸ்மித் ஆற்றில் படகு இறக்க ஓர் இடம், அங்கிருந்து 95 கிலோமீட்டர் தள்ளிக் கரையேற ஓர் இடம். நடுவில் பொதுவழி கிடையாது. தனியாகப் போக விரும்புகிறவர்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் சில ஆறுகளை 1990-லிருந்து தனி வகையாக வைத்து, வழிகாட்டிகள் ஆண்டுக்கு மொத்தம் எத்தனை ஆள்-நாட்கள் அழைத்துவரலாம் என்று அளவு வைத்திருக்கிறது. இந்த அளவுதான் பயணத்தை விலை உயர்ந்ததாக்குகிறது. வசதியுள்ளவர்களுக்கே ஆறு என்று ஆகிவிடும் ஆபத்து இதில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் மாண்டானாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை எனக்குப் பிடிக்கும். கரை யாருடைய நிலமாக இருந்தாலும், வழக்கமான வெள்ளம் தொடுகிற கோட்டுக்குள் நின்று எவரும் மீன் பிடிக்கலாம் என்கிறது அது. வழிகாட்டிக்குக் கொடுக்க முடியாதவரும் பாலத்தருகே இறங்கி நடந்து போகலாம்.

இனி, எப்போது பிடிக்கக் கூடாது என்ற அந்த மறுபாதிக்கு வருவோம். 10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். மீனின் உடலோ சூட்டில் அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற அந்த நேரத்தில் கொக்கியில் மாட்டிப் போராடும் மீன், கையிலிருந்து துள்ளி நீந்திப் போனாலும், பின்னர் ஏதோ ஒரு மடுவில் செத்துக் கிடக்கலாம். நாம் அதைப் பார்க்க மாட்டோம். தொடர்ந்து மூன்று நாட்கள் தண்ணீர் 22.8 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவுவரை மீன்பிடிப்பைத் தடை செய்யும் வழக்கம் மாண்டானாவில் உண்டு. அதற்கு ஆந்தை அலறும் நேரம் என்ற பொருளில் பேச்சுவழக்குப் பெயர் இருக்கிறது. கோடையில் காட்டுத்தீக்கு அஞ்சி விடியுமுன்பே வேலை தொடங்கிய மரம் வெட்டுவோரிடமிருந்து வந்த சொல் அது.

விடுவதிலும் முறை இருக்கிறது. 1992-ல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் ரெயின்போ ட்ரவுட்டைத் தொட்டியில் துரத்திக் களைக்க வைத்தார்கள். தண்ணீரை விட்டு எடுக்காத மீன்களில் 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். ஆற்றில் எல்லா மீனும் அந்த அளவுக்குக் களைத்துப்போவதில்லை. ஆனாலும் படம் எடுக்க ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை என்று இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. நல்ல வழிகாட்டி மீனைக் கைவலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பார். தொடுமுன் கையை நனைப்பார்; காய்ந்த கை பட்டால் மீனைக் கிருமியிலிருந்து காக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும். கொக்கியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் முள்ளை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்திருப்பார், அதனால் ஒரு திருகலில் கழன்றுவிடும். பிறகு மீனின் வயிற்றுக்கடியில் கையைத் தாங்கலாகக் கொடுத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே காட்டிப் பிடிப்பார். செவுள் திறந்து மூடும். திறந்து மூடும். வால் ஒருமுறை விரலை அறையும், கையில் தண்ணீர் மட்டும் மிஞ்சும்.

காலடியும் கொல்லும். பெண் ட்ரவுட் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடும். அந்த இடம் பாசி நீங்கிப் பளிச்சென்று, பாய் விரித்த மாதிரி இருக்கும். பிரவுன் ட்ரவுட்டுக்கு அது இலையுதிர் காலம். ரெயின்போவுக்கும் கட்த்ரோட்டுக்கும் வசந்தம். அதன்மேல் நாளுக்கு இருமுறை நடந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் 96 சதவீதம் வரை அழியலாம் என்று 1992-ல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. அந்த நேரத்தில் மீன் வெட்டவெளியில், அசையாமல், பிடிக்க எளிதாக நிற்கும். அதைக் காட்டிக் காசு வாங்குகிற வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. அவர்களை நான் மதிப்பதில்லை. காலணியும் ஆபத்துதான். நியூசிலாந்தில் 2004-ல் டிடிமோ என்ற பாசி தென்பட்டது. கற்களை ஈரக் கம்பளிபோல மூடி, கீழே வாழும் பூச்சிகளை நெருக்கும். வழுக்காமலிருக்க மீன்பிடிப்பவர்கள் அணியும் கம்பளி அடிப்பாகக் காலணியில் ஈரம் தங்கி, பாசி ஆறு விட்டு ஆறு போகும் என்பதால் 2008-ல் அவற்றை அங்கே தடை செய்தார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். பல ஆறுகளில் ட்ரவுட்டே வந்தேறி. 1864-ல் இங்கிலாந்திலிருந்து பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவே பொதிந்து கப்பலில் டாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகள்தான் பிரவுன் ட்ரவுட்டைத் தென்கோளத்துக்குக் கொண்டுபோயின. 1867-ல் அங்கிருந்து நியூசிலாந்துக்குப் போனது. அங்கே ஏற்கெனவே இருந்த செதிலில்லாத சின்னக் கலாக்சியஸ் மீன்கள் பல ஓடைகளில் அதற்கு இரையாகி மறைந்தன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள ஏரியில் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட லேக் ட்ரவுட் அங்குள்ள கட்த்ரோட்டைத் தின்று குறைத்ததால், பூங்கா நிர்வாகம் இன்றும் வலை போட்டு அதை அகற்றுகிறது. ஸ்லோவேனியாவின் சோச்சா ஆற்றில் பளிங்கு வரிகள் ஓடும் மார்பிள் ட்ரவுட், வெளியிலிருந்து கொண்டுவிட்ட பிரவுன் ட்ரவுட்டோடு கலந்து அழிகிற நிலைக்கு வந்தது. அருவிகளுக்கு மேலே மறைந்திருந்த கலப்பற்ற சில கூட்டங்களைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஆற்றில் எந்த மீன் சொந்தக்காரன் என்று தெரிந்த வழிகாட்டியோடு போனால், கையில் வருகிற மீனைப் பார்க்கிற பார்வையே மாறும்.

ஆகவே பயணத்துக்குப் பணம் கட்டுமுன் எத்தனை மீன் கிடைக்கும் என்று கேட்பதில் பெரிய பயனில்லை. உரிமம் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முள் நசுக்கிய கொக்கியா, ஆறு மாறும்போது காலணியைக் கழுவிக் காயவைக்கிறார்களா என்று கேட்கலாம். முக்கியமாக, தண்ணீர் எந்தச் சூட்டுக்கு வந்தால் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். எண்ணோடு பதில் வந்தால் நம்பலாம். சட்டம் தடுக்கிற அளவுக்கு முன்பே, 20 டிகிரியிலேயே நிறுத்திக்கொள்கிற வழிகாட்டிகள் பலர் இருக்கிறார்கள்.

அவர்களோடு போகிற நாளில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு, மீன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே, படகின் ஓரமாகக் கயிற்றில் கட்டிய வெப்பமானி தண்ணீருக்குள் இறங்கும். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்ப்பார். நம்மிடமும் காட்டுவார். பிறகு பூச்சியைக் கோலின் பிடியருகே உள்ள சிறு வளையத்தில் மாட்டி, நரம்பைச் சுற்றி முடித்து, நாளைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள் என்பார்.